தவறான மைக்கில் ஒரு சாக்ஸஃபோன்... டியூக் எலிங்டனை மீட்டெடுத்த நியூபோர்ட் இரவு!

1956-ம் ஆண்டு, ஜூலை 7, சனிக்கிழமை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் கடலை ஒட்டி இருக்கும் நியூபோர்ட் நகரம். நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருக்கிறது. திறந்தவெளி மைதானத்தில் நடக்கும் ஜாஸ் திருவிழாவில் கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்துவிட்டது. மேடையில் ஏறப்போவது 57 வயதான டியூக் எலிங்டனும் அவருடைய இசைக்குழுவும்.

ஒருகாலத்தில் அமெரிக்காவையே ஆடவைத்த பெயர் அது. ஆனால், அந்த இரவில், 'இவர் காலம் முடிந்துவிட்டது' என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாமே தலைகீழானது. சுமார் 7,000 பேர் கூடியிருந்த மைதானத்தில் ரசிகர்கள் நாற்காலிகள்மீது ஏறி நின்று கத்தினார்கள். கலவரம் வந்துவிடுமோ என்று விழா அமைப்பாளர்கள் பயந்தார்கள். அந்த இரவைப் பதிவு செய்து வெளியான 'எலிங்டன் அட் நியூபோர்ட்' இசைத்தட்டுதான், எலிங்டன் வாழ்நாளிலேயே அதிகம் விற்ற ஆல்பம்.

இதில் இன்னொரு கதையும் ஒளிந்திருக்கிறது. உலகமே 'லைவ்' என்று நம்பிக் கொண்டாடிய அந்த இசைத்தட்டின் பெரும்பகுதி, மேடையில் பதிவானதே இல்லை. கூட்டத்தை வெறிபிடிக்க வைத்த அந்த சாக்ஸஃபோன் ஒலி, சரியான மைக்கில் விழவும் இல்லை. அது முழுதாகக் கேட்க உலகம் 43 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் இந்த டியூக்?

எட்வர்டு கென்னடி எலிங்டன் 1899-ல் வாஷிங்டன் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே மிடுக்காக உடுத்தி, நாசூக்காகப் பேசுவார். அதனால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர், 'டியூக்'. அதாவது, பிரபு. கடைசிவரை அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1927-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த 'காட்டன் கிளப்'பில் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. மேடையில் ஆடுபவர்கள், பாடுபவர்கள், வாசிப்பவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள்; மேஜைகளில் அமர்ந்து ரசிப்பவர்கள் வெள்ளையர்கள். அப்படியொரு கிளப் அது. அங்கிருந்து ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சிகள் எலிங்டனின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோயின.

அவருடைய குழு 'பிக் பேண்ட்' வகையைச் சேர்ந்தது. ஐந்து பேர் சாக்ஸஃபோன், கிளாரினெட் வாசிப்பார்கள். நான்கு பேர் ட்ரம்பெட். மூன்று பேர் ட்ராம்போன். பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆகியவை தாளக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். நியூபோர்ட்டில் இந்தக் கணக்குப்படி எலிங்டனையும் சேர்த்து 15 பேர். எழுதிவைத்த இசையை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். நடுநடுவே ஒருவர் மட்டும் எழுந்து நின்று, மனதில் தோன்றுவதை அந்தக் கணத்திலேயே இசையாக்குவார். மனோதர்மம் என்று நம் கச்சேரிகளில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். ஜாஸில் அதன் பெயர் சோலோ.

எலிங்டனின் தனித்திறமை ஒன்று உண்டு. பொதுவாக 'ட்ரம்பெட்டுக்கு ஒரு பகுதி, சாக்ஸஃபோனுக்கு ஒரு பகுதி' என்றுதான் எழுதுவார்கள். அவரோ, தன் குழுவில் இருக்கும் ஒவ்வொரு மனிதருக்காகவும் எழுதினார். ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸஃபோன் எப்படிக் குழையும், ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸஃபோன் எவ்வளவு ஆழமாக ஒலிக்கும் என்பதையெல்லாம் மனதில் வைத்தே இசை அமைத்தார். அதனால்தான் அந்தக் குழுவில் ஒருவர் விலகினால்கூட இசையின் நிறமே மாறிவிடும்.

பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் பின்னணி வாசித்த மேதை!

1930-களும் 40-களின் தொடக்கமும் பிக் பேண்டுகளின் பொற்காலம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் காற்று திசை மாறியது. 15 பேருக்குச் சம்பளம், பேருந்து, தங்குமிடம் என்று செலவு எகிறியது. நடன அரங்குகளுக்கு வரும் கூட்டம் குறைந்தது. தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைந்தது. குழுவைவிடப் பாடகர்களுக்கு மவுசு கூடியது. 1946-ம் ஆண்டின் இறுதியில் பல பிரபல பேண்டுகள் அடுத்தடுத்துக் கலைக்கப்பட்டன. இன்னொரு ஜாம்பவானான கவுன்ட் பேஸிகூட 1950-ல் தன் பெரிய குழுவைக் கலைத்துவிட்டு, சில பேரை மட்டும் வைத்துச் சமாளித்தார்.

எலிங்டன் கலைக்கவில்லை. அவருடைய பாடல்களுக்கு வந்த ராயல்டி பணத்தை எடுத்துக் குழுவுக்குச் சம்பளம் கொடுத்தார். எழுதிய இசையை உடனே வாசித்துக் கேட்க ஒரு குழு தன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

பிடிவாதத்துக்கு விலை இருந்தது. 1951-ல் ஹாட்ஜஸ் தனிக்குழு தொடங்க விலகினார். ஆரம்பகாலம் முதல் கூடவே இருந்த டிரம்மர் சோனி கிரீரும், ட்ராம்போன் கலைஞர் லாரன்ஸ் பிரவுனும் அதே ஆண்டில் வெளியேறினார்கள். 1955 கோடையில் நியூயார்க்கில் பனிச்சறுக்கு, நீர் சாகசக் காட்சிகள் நடக்கும் ஓர் அரங்கில், சறுக்குபவர்களுக்குப் பின்னணி வாசிக்கும் நிலைக்குக் குழு வந்துவிட்டது. கார்னகி ஹாலில் கச்சேரி செய்தவருக்கு வந்த நிலை இது.

அந்த ஆண்டில் நடந்த ஒரே நல்ல விஷயம், ஹாட்ஜஸ் திரும்பி வந்தது. சாம் வுட்யார்டு என்ற புதிய டிரம்மரும் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் கிடைத்தது. அதன் தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன், நியூபோர்ட் கச்சேரியை நேரடியாகப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிடலாம் என்று திட்டமிட்டார். விழாவுக்கென்றே புதிதாக ஓர் இசைத்தொகுப்பையும் எழுத வேண்டும் என்று முடிவானது. எலிங்டனும், 1939 முதல் அவருடைய நிழல்போல உடன் இருந்த இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து மூன்று பகுதிகள் கொண்ட 'நியூபோர்ட் ஜாஸ் ஃபெஸ்டிவல் சூட்'டை எழுதினார்கள். ஆனால், ஒத்திகைக்குப் போதுமான நேரம் கிடைக்கவில்லை.

நான்கு பேரைக் காணோம்!

நியூபோர்ட் பணக்காரர்களின் கோடைவாசஸ்தலம். கடலைப் பார்த்தபடி மாளிகைகள் வரிசைகட்டி நிற்கும் ஊர். அங்கே வசித்த லோரிலார்டு தம்பதி பண உதவி செய்ய, ஜார்ஜ் வீன் என்ற பியானோ கலைஞர் 1954-ல் தொடங்கியதுதான் ஜாஸ் திருவிழா. புகை மண்டிய கிளப்புகளில் ஒலித்த இசை, திறந்தவெளிக்கு வந்தது. 1956-ல் விழா நடந்த இடம், ஃப்ரீபாடி பார்க் என்ற மைதானம்.

சனிக்கிழமை மாலை விழாவைத் தொடங்கிவைக்க எலிங்டன் குழு மேடையேறியபோதே சிக்கல். குழுவில் நான்கு பேரைக் காணவில்லை. பேஸ் வாசிக்க வேறு ஒருவரைப் பிடித்து நிறுத்திச் சமாளித்தார்கள். தேசிய கீதம், அதன்பின் இரண்டே பாடல்கள். அவ்வளவுதான், மேடையைவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு மற்ற குழுக்கள் வரிசையாக வாசித்தன. எலிங்டனின் முறை மீண்டும் வருவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. இப்படி உட்காரவைத்ததில் அவருக்கு எரிச்சல். தங்களை சர்க்கஸ் கோஷ்டிபோல நடத்துகிறார்களே என்று அவர் பொருமியதாகச் சொல்வார்கள். அவர் மீண்டும் பியானோ முன் அமர்ந்தபோது, வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

காணாமல்போன நால்வரும் வந்துசேர்ந்திருந்தார்கள். ஸ்ட்ரேஹார்னின் புகழ்பெற்ற 'டேக் தி ஏ ட்ரெயின்' முதலில் வந்தது. அடுத்து, விழாவுக்காக எழுதிய புதிய தொகுப்பு. கைதட்டல் வந்தது, ஆனால், மரியாதைக்கான கைதட்டல். பெரும் நம்பிக்கையோடு எழுதிய இசை, கூட்டத்தைப் பெரிதாக அசைக்கவில்லை. இன்னும் இரண்டு பாடல்கள் போயின.

அப்போதுதான் எலிங்டன், 1937-ல் எழுதிய பழைய சரக்கு ஒன்றைக் கையில் எடுத்தார்.

பழைய பாட்டு, புதிய பாலம்

'டிமினுவெண்டோ இன் புளூ', 'கிரெசெண்டோ இன் புளூ'. இவை இரண்டு தனித்தனி இசைக்கோவைகள். முதலாவது, முழு ஒலியில் தொடங்கிப் படிப்படியாகத் தணியும். இரண்டாவது, தணிந்த ஒலியில் தொடங்கி உச்சத்துக்கு ஏறும். 78 ஆர்.பி.எம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாக அவை பதிவாயின.

மேடையில் இரண்டையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் எலிங்டன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நடுவில் ஒரு டெனர் சாக்ஸஃபோன் சோலோ. வாசிப்பவர் பால் கோன்சால்விஸ்.

யார் இவர்? ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. 1950-ல் எலிங்டன் குழுவில் சேர்ந்தவர். ஹாட்ஜஸ்போல நட்சத்திர அந்தஸ்து கிடையாது. கூச்ச சுபாவம். அன்று எந்தப் பாட்டு என்பதே அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லையாம். 'சாதாரண புளூஸ்தான். உள்ளே அனுப்புவதும் நான்தான், வெளியே எடுப்பதும் நான்தான். நீ பாட்டுக்கு வாசி' என்கிற அர்த்தத்தில் எலிங்டன் தைரியம் சொன்னதாக ஜாஸ் உலகில் ஒரு கதை உண்டு.

'டிமினுவெண்டோ' முடிந்தது. எலிங்டன் பியானோவில் சில சுற்றுகள் வாசித்து வழிவிட்டார். கோன்சால்விஸ் எழுந்து முன்னால் வந்தார்.

27 சுற்றுகள்!

புளூஸ் இசையில் ஒரு சுற்று என்பது 12 பார்கள். ஒவ்வொரு பாரிலும் நான்கு தட்டுகள். நம் தாள ஆவர்த்தனம்போல அது திரும்பத் திரும்பச் சுழன்று வரும். வழக்கமாக ஒரு கலைஞர் நாலைந்து சுற்று வாசித்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்.

கோன்சால்விஸ் நிறுத்தவில்லை. ஐந்து சுற்று, ஆறு சுற்று... போய்க்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தது மூன்றே பேர். டிரம்ஸில் வுட்யார்டு, பேஸில் ஜிம்மி வுட், பியானோவில் அவ்வப்போது எலிங்டன். எந்த ஜோடனையும் இல்லை. ஒரே சீரான, விடாத துள்ளல்.

மேடைக்குப் பக்கத்தில் மறைவாக இருந்த இடத்தில் அமர்ந்திருந்தார் ஜோ ஜோன்ஸ். கவுன்ட் பேஸி குழுவின் பழைய டிரம்மர். அன்றைய விழாவில் வேறொரு குழுவுடன் வாசிக்க வந்தவர். கையில் இருந்த செய்தித்தாளைச் சுருட்டி, மேடையின் ஓரத்தில் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார். கூடவே உற்சாகக் குரல். பக்கத்திலேயே ஒரு மகா தாளக்காரர் தட்டிக்கொண்டிருக்க, குழுவுக்குள் தீ பற்றிக்கொண்டது.

ஏழாவது சுற்றை ஒட்டி, முன்வரிசையில் பணக்காரர்களுக்கான இருக்கைப் பகுதியிலிருந்து பொன்னிறக் கூந்தலும் கறுப்பு உடையுமாக ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்தார். கண்ணியமாக உட்கார்ந்து ரசிக்க வேண்டிய பகுதி அது. அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். வாசலுக்குப் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். மைதானமே எழுந்து நின்றது. எலிங்டன் அந்தப் பெண் ஆடுவதையும் கூட்டத்தையும் பார்த்தார். 'விடாதே' என்று கோன்சால்விஸைப் பார்த்துக் கூவினார்.

மொத்தம் 27 சுற்றுகள். அதாவது 324 பார்கள். ஆறு நிமிடத்துக்கும் மேல், மூச்சுவிட நேரமில்லாத ஓட்டம். கோன்சால்விஸ் கண்களை மூடிக்கொண்டு வாசித்த வாசிப்பு அது. அதிவேக விரல் வித்தையோ, காதைக் கிழிக்கும் உச்ச ஸ்வரங்களோ அதில் குறைவு. ஒரு சின்னச் சொற்றொடரை எடுப்பார், திருப்பிப் போடுவார், நீட்டுவார், அடுத்த சுற்றுக்குக் கடத்துவார். கேட்கிறவருக்கு 'அடுத்து என்ன, அடுத்து என்ன' என்று இழுத்துக்கொண்டே போகும்.

அவர் ஓய்ந்ததும் எலிங்டன் பியானோவில் இரண்டு சுற்று. பிறகு, மொத்தக் குழுவும் 'கிரெசெண்டோ'வில் ஏறியது. கடைசியில் கேட் ஆண்டர்சனின் ட்ரம்பெட் வானத்தைத் தொடும் உயரத்தில் போய் நின்றபோது, மைதானத்தில் எழுந்த சத்தம் இன்றும் பதிவில் இருக்கிறது.

இத்தோடு முடித்துவிடுங்கள் என்று ஜார்ஜ் வீன் கெஞ்சினார். கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்விடும் என்ற பயம் அவருக்கு. எலிங்டனின் கணக்கு வேறு. இப்போது நிறுத்தினால்தான் கலவரம் வரும் என்று நினைத்தார். ஹாட்ஜஸை அழைத்து மெதுவான, உருக்கமான பாடல்களை வாசிக்க வைத்தார். பிறகு இன்னும் இரண்டு, மூன்று பாடல்கள். மெல்ல மெல்லக் கூட்டத்தைத் தணித்து, 'மூட் இண்டிகோ' இசைத்தபடி இனிமையாக விடைபெற்றார். பிற்காலத்தில் வெளியான முழுமையான பதிப்பில், கூட்டத்தை அவர் சமாளிக்கும் பகுதிக்கு 'கலவரத் தடுப்பு' என்றே தலைப்பு வைத்திருக்கிறார்கள்.

மைக் மாறிப்போச்சு!

மறுநாள் எல்லோரும் சந்தோஷத்தில் மிதந்தபோது, கொலம்பியா குழுவுக்கு மட்டும் தலைவலி. அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க சோலோ, அவர்களுடைய டேப்பில் எங்கோ தூரத்தில் ஒலிப்பதுபோல இருந்தது.

காரணம் எளிது. அன்று மேடையில் இரண்டு தரப்பினர் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒன்று, கொலம்பியா. இன்னொன்று, அமெரிக்க அரசின் வெளிநாட்டு ஒலிபரப்பான 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி. இருவருக்கும் தனித்தனி மைக்குகள். கோன்சால்விஸ் போய் நின்றது வானொலிக்காரர்களின் மைக் முன்னால்! கொலம்பியா டேப்பில் டிரம்ஸ் கேட்கிறது, பேஸ் கேட்கிறது, கூட்டத்தின் கூச்சல் தெளிவாகக் கேட்கிறது. கதாநாயகனின் குரல் மட்டும் மங்கல்.

இன்னொரு பிரச்னையும் இருந்தது. ஒத்திகை போதாததால், புதிய தொகுப்பை வாசித்ததில் பிசிறுகள் இருந்தன. அதை அப்படியே இசைத்தட்டாக்க எலிங்டனுக்கு மனமில்லை.

ஜூலை 9, திங்கள்கிழமை. கச்சேரி முடிந்து இரண்டே நாள்களில் குழு நியூயார்க்கில் கொலம்பியா ஸ்டூடியோவுக்குள் இருந்தது. தொகுப்பை மறுபடி வாசித்தார்கள். தேவையான இடங்களில் ஸ்டூடியோ பதிவை ஒட்டி, கைதட்டல் சத்தத்தையும் மேலே சேர்த்து, மைதானத்தில் நடந்ததுபோலவே கோர்த்தார்கள். ஆனால், கோன்சால்விஸின் 27 சுற்றுகளை யாரால் மறுபடி உருவாக்க முடியும்? அது மட்டும் மங்கலான நேரடிப் பதிவாகவே இசைத்தட்டில் இடம்பிடித்தது.

அந்த மங்கலையும் மீறி இசைத்தட்டு விற்றுத் தீர்ந்தது. ஆறு வாரம் கழித்து, 1956 ஆகஸ்ட் 20 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில் எலிங்டன் சிரித்தார். பனிச்சறுக்கு அரங்கில் பின்னணி வாசித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது! பிற்காலத்தில் யாராவது அவர் பிறந்ததைப் பற்றிக் கேட்டால், 1956-ல் நியூபோர்ட்டில் பிறந்தேன் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

43 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்த இரண்டு டேப்கள்

1990-களில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் அந்தப் பழைய டேப், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேகரிப்பில் கண்டெடுக்கப்பட்டது. போட்டுக் கேட்டால், கோன்சால்விஸ் காதுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல அவ்வளவு தெளிவு!

ஜாஸ் வரலாற்று ஆய்வாளரும் தயாரிப்பாளருமான ஃபில் ஷாப் ஒரு காரியம் செய்தார். கொலம்பியாவின் டேப், வானொலியின் டேப் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். ஒரு டேப் இடது காதுக்கு, இன்னொன்று வலது காதுக்கு. தனித்தனியே மோனோவாகப் பதிவான இரண்டும் சேர்ந்து, ஸ்டீரியோ ஆனது. அன்றைய இரவில் யாருமே திட்டமிடாத ஸ்டீரியோ!

சொல்வது சுலபம். ஒரே கல்யாணத்தில் இரண்டு பேர் இரண்டு போன்களில் வீடியோ எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் ஆடியோவையும் ஒன்றாக ஓடவிட்டால் என்ன ஆகும்? எதிரொலிபோல இரட்டிக்கும். பழைய டேப் இயந்திரங்களில் இன்னும் மோசம். இரண்டு இயந்திரங்களும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்று ஒரு நூல் முந்தும், ஒன்று பிந்தும். கணினியின் உதவியோடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து இணைத்தார்கள்.

எலிங்டனின் நூற்றாண்டான 1999-ல் முழுக் கச்சேரியும் இரண்டு சி.டி-க்களாக வெளியானது. அப்போதுதான் பொது ரசிகர்களுக்கு உண்மை முழுதாகத் தெரிந்தது. 1956 இசைத்தட்டில் நிஜமாக மேடையில் பதிவானது சுமார் 40 சதவிகிதம்தான். ஒளிவுமறைவு இல்லாமல், ஸ்டூடியோவில் வாசித்த பகுதிகளையும் புதிய பதிப்பில் தனியாகச் சேர்த்திருந்தார்கள். இரண்டையும் கேட்டு, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் அது ஏமாற்று வேலையா?

நியாயமான கேள்விதான். 'நியூபோர்ட்டில்' என்று அட்டையில் போட்டுவிட்டு, நியூயார்க் ஸ்டூடியோவில் வாசித்ததற்குக் கைதட்டலை ஒட்டிக் கொடுத்தால், காசு கொடுத்து வாங்கியவருக்குக் கோபம் வராதா?

அந்தக் காலத்தில் திறந்தவெளிப் பதிவு இன்றுபோல எளிதல்ல. காற்று, மைக் கோளாறு, மேடை இரைச்சல் என்று ஆயிரம் தொல்லைகள். பிசிறில்லாத இசையைக் கொடுக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கவலை. அரைகுறையாக வாசித்தது காலத்துக்கும் நிற்கக் கூடாது என்பது இசையமைப்பாளரின் கவலை. இரண்டிலும் நியாயம் உண்டு. அதேசமயம், கேட்பவரிடம் அதைச் சொல்லாமல் விட்டது சரி என்று ஆகிவிடாது. சொன்னால் விற்பனை குறையும் என்ற கணக்கு அதில் இல்லை என்றும் சொல்ல முடியாது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கச்சிதமாகத் திருத்தப்பட்ட ஸ்டூடியோ பகுதிகளை இன்று அதிகம் பேர் பேசுவதில்லை. பிழையான மைக்கில், மங்கலாக, திருத்தவே முடியாமல் பதிவான அந்த ஆறு நிமிடங்களைத்தான் 43 ஆண்டுகளும் ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அந்த இசைத்தட்டைக் காப்பாற்றிய பகுதி, அதில் இருந்த ஒரே 'குறை'தான்.

மெட்ராஸுக்கும் வந்த குழு

நியூபோர்ட்டுக்குப் பிறகு எலிங்டனின் வாழ்க்கையில் இரண்டாவது இன்னிங்ஸ். ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களை வைத்து 1957-ல் 'சச் ஸ்வீட் தண்டர்', 1959-ல் ஆட்டோ பிரெமிங்கரின் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்துக்கு இசை, 1965 முதல் தேவாலயங்களில் புனித இசைக் கச்சேரிகள் என்று புதிது புதிதாகச் செய்துகொண்டே இருந்தார்.

1963-ல் அமெரிக்க வெளியுறவுத்துறை அவரது குழுவை ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. சிரியா, ஜோர்டான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்தார்கள். டெல்லியில் எலிங்டனுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனாலும் பயணம் நிற்கவில்லை. மெட்ராஸிலும், இலங்கையில் கொழும்பிலும் குழு வாசித்தது. கோன்சால்விஸும் அந்தப் பயணத்தில் இருந்தார். நவம்பரில் துருக்கியில் இருந்தபோது அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி வர, மீதிப் பயணம் ரத்தானது.

அந்தப் பயணத்தின் நினைவுகள், எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் எழுதிய 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற ஆல்பமாகின. அதில் 'புளூபேர்டு ஆஃப் டெல்லி' என்றொரு இசைக்கோவை உண்டு. இந்தியாவில் கேட்ட ஒரு மைனாவின் கூவலிலிருந்து பிறந்தது அது.

1969-ல் எலிங்டனின் 70-வது பிறந்தநாளன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்காவின் மிக உயரிய குடிமக்கள் விருது வழங்கப்பட்டது. அவருடைய தந்தை, அதே வெள்ளை மாளிகை விருந்துகளில் அவ்வப்போது பரிமாறும் வேலை பார்த்தவர்!

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ஜாஸ் பழக்கமில்லாதவர்களும் தயங்க வேண்டாம். மியூசிக் ஆப்களில் 'எலிங்டன் அட் நியூபோர்ட்' என்று தேடினால் பழைய பதிப்பும், 1999-ன் முழுமையான பதிப்பும் கிடைக்கும். 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ'வை மட்டும் முதலில் கேளுங்கள். 14 நிமிடம் ஓடும். இயர்போன் இருந்தால் நல்லது.

* முதலில் குழுவின் பிரிவுகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். ட்ரம்பெட்டுகள் ஏதோ கேட்கும். சாக்ஸஃபோன்கள் பதில் சொல்லும்.

* ஏறக்குறைய நான்கு நிமிடம் கழித்து சாக்ஸஃபோன் தனியாக நுழையும். ஆரம்பத்தில் கூட்டத்தின் சத்தம் அவ்வளவாக இருக்காது. அது எந்த இடத்தில் எழுகிறது, எப்படி அலையலையாக ஏறுகிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

* முடிந்தால் 12 பார்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பத்தாவது சுற்றுக்குள் எண்ணுவதை மறந்திருப்பீர்கள்.

* பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டிலும் அதே பகுதியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மைக் செய்த வித்தியாசம் புரியும்.

நியூபோர்ட்டுக்குப் பிறகு எங்கு போனாலும் ரசிகர்கள் கோன்சால்விஸிடம் அந்த நீண்ட சோலோவையே கேட்டார்கள். மெதுவான காதல் பாடல்களை உருகி வாசிப்பதில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்பதைப் பலர் மறந்தேபோனார்கள். ஆனாலும், அவர் எலிங்டனைவிட்டு விலகவில்லை. 24 ஆண்டுகள் அந்தக் குழுவிலேயே இருந்தார்.

1974 மே 15-ம் தேதி லண்டனில் கோன்சால்விஸ் இறந்தார். நியூயார்க் மருத்துவமனையில் நோயோடு போராடிக்கொண்டிருந்த எலிங்டனுக்கு அந்தச் செய்தியைச் சொல்லக் குடும்பத்தினருக்கு மனம் வரவில்லை. ஒன்பதாவது நாள், மே 24-ம் தேதி, எலிங்டனும் போய்ச் சேர்ந்தார்.

தன் சோலோ முழுதாகக் கேட்கும் இசைத்தட்டை கோன்சால்விஸ் பார்க்கவே இல்லை. இன்று போனில் அந்தப் பதிவை ஓடவிட்டால், ஒரு காதில் அவருடைய சாக்ஸஃபோன், இன்னொரு காதில் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும் நியூபோர்ட். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.